பெயரில் பாதியாய் ஒரு ஊர்

கல்லூரி நாளில் என்.சி.சி. முகாமுக்குப் போனவர்களுக்கு அந்தத் துப்பாக்கி நினைவிருக்கும். தரையில் தார்ப்பாயை விரித்து, அதன் மேல் எல்.எம்.ஜி. என்ற இலகு இயந்திரத் துப்பாக்கியை வைத்து, பயிற்சியாளரான உஸ்தாத் ஒவ்வொன்றாகக் கழற்றுவார். பிஸ்டன் குரூப், பேரல் குரூப், பட் குரூப், பாடி குரூப், பைபாட் குரூப். ஐந்தையும் வரிசை மாறாமல் ஒப்பிக்க வேண்டும். கழற்ற ஸ்பேனர் வேண்டாம், திருப்புளி வேண்டாம். ஒரு முளையை விரலால் தள்ளினால் பின்கட்டை வழுக்கிக்கொண்டு பின்னால் வரும். ஒரு பூட்டைத் தூக்கிக் கைப்பிடியைத் திருப்பினால் குழல் தனியாகக் கையோடு வந்துவிடும். வெயிலில் காய்ந்த இரும்பின் சூடும் எண்ணெய் வாடையும் சாயங்காலம் வரை உள்ளங்கையில் இருக்கும். "இது எந்த ஊர்த் துப்பாக்கி, உஸ்தாத்?" என்று கேட்டேன். "கான்பூர்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். கான்பூர் ஆயுத ஆலையில் செய்தது அது. கான்பூருக்கு முன்னால் அது இங்கிலாந்தில் இருந்தது. அதற்கும் முன்னால் இன்னொரு ஊரில் இருந்தது. அந்த ஊரைத் தெரிந்துகொள்ள எனக்கு இருபது வருடம் பிடித்தது. தெரிந்த பிறகு, அந்த ஊரிலிருந்து புறப்பட்ட மனிதர்களையும் விட்டுவிட முடியவில்லை.

துப்பாக்கியின் உண்மைப் பெயர் பிரென். ஆங்கிலத்தில் எழுதினால் நான்கே எழுத்து. முதல் இரண்டு பிர்னோ என்ற ஊருக்கு, அடுத்த இரண்டு என்ஃபீல்டு என்ற ஊருக்கு. என்ஃபீல்டை நமக்குத் தெரியும். லண்டனை ஒட்டிய அந்த ஊரில் பிரிட்டிஷ் அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. அதற்கு உதிரிபாகம் செய்துகொடுத்த ரெட்டிச் ஊர்க் கம்பெனி ஒன்று, அந்தப் பெருமையில் தன் சைக்கிளுக்கு ராயல் என்ஃபீல்டு என்று பெயர் வைத்தது. சைக்கிள் மோட்டார் சைக்கிளாகி, 1955இல் சென்னைக்கும் வந்தது. நம் தெருவில் தடதடவென்று போகும் புல்லட் சுமக்கும் பெயர் அந்த ஆலையின் பெயர். பிர்னோவுக்கு அப்படி ஒரு வண்டி வாய்க்கவில்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பிர்னோ மொராவியாவின் பெரிய நகரம். இன்று செக் குடியரசில் இருக்கிறது. 1918 அக்டோபர் 28 அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு உடைந்து செக்கோஸ்லோவாக்கியா பிறந்தது. புதிய நாடு, சுற்றிலும் பெரிய நாடுகள். ஆயுதத்துக்கு அடுத்தவன் கையை எதிர்பார்க்கக் கூடாது என்று முதலிலேயே முடிவெடுத்தார்கள். பிராகாவில் வாட்ஸ்லாவ் ஹோலெக் என்ற துப்பாக்கிக் கலைஞர், ஒரு மனிதன் தோளில் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய இயந்திரத் துப்பாக்கி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். அவர் வேலை பார்த்த கம்பெனி பணமுடையில் சிக்கியதால் தயாரிப்பு பிர்னோவுக்குப் போனது. அங்கே இருந்த ஆயுத ஆலையின் பெயர் ஸ்ப்ரொயோவ்கா. 1926இல் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. இசட்.பி. 26 என்று பெயர். எடை சுமார் 9 கிலோ. தோட்டாப் பெட்டி துப்பாக்கியின் தலைமேல் நிமிர்ந்து நிற்கும். அதில் இருபது தோட்டா.

தலைமேல் பெட்டி வைப்பது பார்க்க விநோதம். குறி பார்க்கும் கண்ணை அது மறைக்கும் என்பதால் குறிமுள்ளை இடப்பக்கம் தள்ளி வைத்தார்கள். ஆனால் அதில் ஒரு பெரிய வசதி உண்டு. சுடுபவன் மண்ணோடு மண்ணாகப் படுத்திருக்கலாம். பக்கத்தில் படுத்திருக்கும் துணையாள் கையை மட்டும் நீட்டிக் காலிப் பெட்டியை எடுத்துவிட்டு நிறைந்ததைச் செருகலாம். இருவரும் தலையைத் தூக்க வேண்டியதில்லை. குழல் சூடேறிச் சிவந்தால் சில நொடியில் வேறு குழலை மாட்டலாம். தூக்கிச் செல்வதற்கு என்று குழலிலேயே வைத்த கைப்பிடிதான் அதைக் கழற்றவும் உதவுகிறது. சூட்டுக் குழலைக் கையால் தொடாமலேயே எடுத்துவிடலாம். சண்டைக்களத்தில் படுத்துக்கிடப்பவனின் கஷ்டத்தை யோசித்துச் செய்த வேலை இது. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் வாங்கின. சீனா பல்லாயிரக்கணக்கில் வாங்கியது.

பிரிட்டிஷ் ராணுவம் அப்போது முதல் உலகப் போர்க் காலத்து லூயிஸ் துப்பாக்கிக்கு மாற்றுத் தேடிக்கொண்டிருந்தது. 1930களின் தொடக்கத்தில் பிர்னோவின் துப்பாக்கியை வரவழைத்துச் சோதித்தார்கள். போட்டியில் விக்கர்ஸ்-பெர்தியே என்ற இன்னொரு துப்பாக்கியும் இருந்தது. இந்திய ராணுவம் அதைத்தான் தேர்ந்தெடுத்தது. வங்காளத்தின் இஷாப்பூரில் தயாரித்தது. லண்டன் பிர்னோவைத் தேர்ந்தெடுத்தது.

சிக்கல் தோட்டாவில் வந்தது. செக்கர்கள் சுட்டது 7.92 மில்லிமீட்டர் தோட்டா. ஜெர்மானியர்களுடைய தோட்டாவும் அதுதான். பிரிட்டனிடம் கோடிக்கணக்கில் குவிந்திருந்தது .303. அந்தத் தோட்டாவின் அடியில் விளிம்பு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நேரான பெட்டியில் அடுக்கினால் ஒன்றின் விளிம்பு இன்னொன்றில் மாட்டிக்கொள்ளும். ஆகவே பெட்டியை வளைத்தார்கள். வாழைப்பழம் போல் முன்பக்கம் வளைந்த அந்தப் பெட்டிதான் பிரெனின் அடையாளம். முப்பது தோட்டா பிடிக்கும். சுருள்வில் தளராமல் இருக்க இருபத்தெட்டுதான் போடுவார்கள். பிரிட்டிஷ் தோட்டாவின் மருந்து எரிந்து கரியை அதிகம் கக்கியது. அது வாயுத் துளையை அடைக்கவே, துளையைக் குழலின் வாயிலிருந்து பின்னுக்கு நகர்த்தினார்கள். பிர்னோவுக்கும் என்ஃபீல்டுக்கும் இடையே பல வருடம் இந்த வேலை நடந்தது.

1935 மே 24 அன்று உரிமம் கையெழுத்தானது. பிர்னோவின் வரைபடங்கள் எல்லாம் மில்லிமீட்டரில் இருந்தன. என்ஃபீல்டில் உட்கார்ந்து ஒவ்வோர் அளவையும் அங்குலத்துக்கு மாற்றினார்கள். 1937 செப்டம்பரில் முதல் பிரென் ஆலையிலிருந்து வெளியே வந்தது. 1938 ஜூலையில் வாரத்துக்கு 300 என்று வேகம் பிடித்தது. ஹோலெக்கின் இன்னொரு துப்பாக்கியையும் பிரிட்டன் உரிமம் பெற்று எடுத்துக்கொண்டது. பெசா என்று பெயரிட்டு டாங்கிகளில் பொருத்தியது. தோட்டாவை மாற்றிக்கொண்டிருக்க நேரமில்லாமல் அதை 7.92இலேயே விட்டுவிட்டார்கள். போர் முழுவதும் பிரிட்டிஷ் டாங்கிகள் ஜெர்மானிய அளவுத் தோட்டாவைச் சுட்டதற்குக் காரணம் இதுதான்.

துப்பாக்கி வேலை இப்படி மும்முரமாக நடந்துகொண்டிருந்த அதே 1938இன் செப்டம்பர் கடைசியில், மியூனிக் நகரத்தில் நான்கு பெரிய நாடுகள் உட்கார்ந்து செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதிகளை ஹிட்லருக்கு எழுதிக்கொடுத்தன. பிரிட்டனும் பிரான்ஸும் கையெழுத்துப் போட்டன. செக்கோஸ்லோவாக்கியாவை அந்த அறைக்குள் கூப்பிடவே இல்லை. ஒரு நாட்டின் ஆயுதத்தை நம்பித் தன் படையைக் கட்டிக்கொண்டிருந்த அரசு, அந்த நாட்டைக் காப்பாற்ற முன்வரவில்லை. இந்த வரலாற்றில் எனக்கு ஆறாத இடம் இது.

1939 மார்ச் 15 அன்று ஜெர்மன் ராணுவம் பிராகாவுக்குள் நுழைந்தது. பிர்னோவுக்கும் வந்தது. ஸ்ப்ரொயோவ்கா ஆலை ஹெர்மன் கோரிங்கின் பெயர் தாங்கிய தொழில் குழுமத்தின் கைக்குப் போனது. இயந்திரங்கள் நிற்கவில்லை, முதலாளி மட்டும் மாறினான். இசட்.பி. 26க்கு எம்.ஜி. 26 என்று ஜெர்மன் பெயர் வைத்து, எஸ்.எஸ். படைகளுக்கும் கொடுத்தார்கள். பிர்னோவில் அதைச் செய்த தொழிலாளியின் மகனோ தம்பியோ எல்லை தாண்டிப் போயிருந்தால், எதிர்முனையில் இருந்து அவனைச் சுடும் துப்பாக்கி அப்பாவோ அண்ணனோ செய்ததாக இருக்கக்கூடிய காலம் வந்துவிட்டது.

எல்லை தாண்டியவர்கள் நிறையப் பேர். முதலில் போலந்துக்குப் போனார்கள். அங்கிருந்து கப்பலில் பிரான்ஸ். அமைதிக் காலத்தில் அந்நிய நாட்டுப் படை தன் மண்ணில் இருப்பதைப் பிரான்ஸ் ஏற்கவில்லை. தங்க வேண்டுமானால் அந்நியர் படையில் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போடு, போர் வந்தால் உங்கள் படைக்கு விடுவிக்கிறோம் என்றது. போட்டார்கள். சொந்த நாட்டுக்காகச் சண்டை போட வந்தவர்கள் ஆப்பிரிக்க வெயிலில் பிரெஞ்சுக் கொடிக்குச் சல்யூட் அடித்தார்கள். செப்டம்பரில் போர் வந்த பிறகு, தெற்குக் கடற்கரை ஊரான அக்ட்டில் செக்கோஸ்லோவாக்கிய டிவிஷன் உருவானது. சுமார் 11,000 பேர். பழைய துப்பாக்கிகள், போதாத உடை. 1940 ஜூனில் பிரான்ஸ் சரிந்துகொண்டிருந்தபோது அவர்களின் இரண்டு ரெஜிமென்ட்டுகளைக் களத்துக்கு அனுப்பினார்கள். மார்னில் தொடங்கி லுவார் வரை பின்வாங்கிக்கொண்டே சண்டையிட்டார்கள். பிரான்ஸுக்குள் வந்த ஜெர்மானிய டாங்கிப் படைகள் மூன்றில் செக் ஆலைகளில் செய்த டாங்கிகள் இருந்தன.

பிரான்ஸ் சரணடைந்ததும் தெற்குத் துறைமுகங்களில் கிடைத்த கப்பலில் ஏறினார்கள். நிலக்கரிக் கப்பலோ, எதுவோ. விமானிகளையும் சேர்த்து ஏறத்தாழ 4,000 பேர் 1940 ஜூலையில் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள். செஷயர் மாவட்டத்தில் ஒரு பிரபுவின் தோட்டத்தில் கூடாரம் அடித்துக் கொடுத்தார்கள். அந்த ஊர்ப் பெயரை எழுதுவது ஒரு விதம், சொல்வது ஒரு விதம். அங்குள்ளவர்கள் 'சம்லி' என்கிறார்கள். தோற்ற படை, அந்நிய மழை. அதிகாரிகள் மேல் கோபம். சில நூறு பேர் கட்டளைக்குக் கீழ்ப்படிய மறுத்து வெளியேற்றப்பட்டார்கள். அந்தக் கசப்பை மறைத்துவிட்டு வெறும் வீரக்கதையாக இதைச் சொல்வது அவர்களுக்கே நியாயம் செய்யாது. மிச்சமிருந்தவர்கள் படையாகத் திரண்டு, அந்த இலையுதிர் காலத்தில் லெமிங்டன் ஸ்பா என்ற ஊருக்கு நகர்ந்தார்கள்.

அந்த வருடம் பிரிட்டனிடமே போதிய பிரென் இல்லை. மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் டன்கர்க் கடற்கரையில் பிரிட்டிஷ் படை உயிரை மட்டும் மீட்டுக்கொண்டு படகேறியது. டாங்கி, பீரங்கி, லாரி எல்லாம் மணலில் கிடந்தன, பிரென்களும் கிடந்தன. அதுவரை முப்பதாயிரத்துக்கு மேல் செய்திருந்தார்கள். நாட்டுக்குள் மிஞ்சியது சுமார் 2,300 என்று கணக்கு. என்ஃபீல்டு இரவு பகலாக ஓடியது. கனடாவின் டொரொன்டோவில் ஜான் இங்கிலிஸ் ஆலையும், ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆலையும் சேர்ந்துகொண்டன. டொரொன்டோ ஆலை பின்னால் சீனாவுக்காகவும் பல்லாயிரம் பிரென் செய்தது. சீனாவின் தோட்டா 7.92 என்பதால், பிர்னோவில் இருந்த பழைய அளவுக்கே குழலை மாற்றிச் செய்தார்கள். சுற்றிச் சுற்றி அந்தத் துப்பாக்கி தன் பிறவி அளவுக்கே திரும்பி வந்தது.

புதிய பிரென்கள் வரவர, லெமிங்டனில் இருந்த செக், ஸ்லோவாக் வீரர்களின் கைக்கும் வந்தன. அந்தக் காட்சியை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் சொந்த நாட்டில் கட்டாயப் படைச்சேவை செய்தவர்கள். அங்கே அணியின் இயந்திரத் துப்பாக்கி இசட்.பி. 26. பிரெனை மேசையில் வைத்தால் பெட்டி வளைந்திருக்கும், குழலின் மேல் வரிவரியாக இருந்த குளிர்விப்புத் தகடுகள் இருக்காது. ஆனால் எந்த முளையைத் தள்ள வேண்டும், எந்தப் பூட்டைத் தூக்க வேண்டும் என்பது விரலுக்குத் தெரிந்திருக்கும். மொழி புரியாத நாட்டில், சாப்பாடு பிடிக்காத கூடாரத்தில், கைக்குப் பழகிய ஒன்று. வேற்றூர்ச் சந்தையில் நம் வீட்டு உழக்கைக் கண்டதைப் போல இருந்திருக்கும். அவர்கள் பிரிட்டனுக்குள் அகதியாக நுழைவதற்கு மூன்று வருடம் முன்பே அது அங்கே முறையான உரிமத்தோடு குடியேறிவிட்டது.

இந்த முகாம்களிலிருந்துதான் யோசெஃப் கப்சீக், யான் குபிஷ் என்ற இருவரும் பாராசூட்டில் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒருவர் ஸ்லோவாக், இன்னொருவர் மொராவியர். 1942 மே 27 அன்று பிராகாவின் ஒரு வளைவில், நாட்டை அடக்கி ஆண்டுகொண்டிருந்த ரைன்ஹார்ட் ஹைட்ரிக்கின் காரை மறித்தார்கள். கப்சீக்கின் துப்பாக்கி சுடவில்லை. அதை பிரென் என்று தவறாகச் சொல்வோர் உண்டு. அது ஸ்டென். அவசரத்துக்கு மலிவாகச் செய்த குட்டித் துப்பாக்கி. அதை வடிவமைத்த ஷெப்பர்ட், டர்பின் இருவரின் முதலெழுத்தும் என்ஃபீல்டும் சேர்ந்த பெயர் அது. குபிஷ் எறிந்த குண்டுதான் வேலையை முடித்தது. ஹைட்ரிக் ஜூன் 4 அன்று இறந்தார். பழிக்காக லிடிட்சே கிராமத்து ஆண்களைச் சுட்டுத்தள்ளி ஊரையே தரைமட்டமாக்கினார்கள். ஜூன் 18 அன்று பிராகாவின் ஒரு தேவாலயத்தில் பாராசூட் வீரர்கள் ஏழு பேரும் கடைசி வரை போராடி மாண்டார்கள்.

இதே காலத்தில் இன்னொரு கூட்டம் வேறு வழியில் வந்தது. ஹங்கேரி, யுகோஸ்லாவியா, துருக்கி, பெய்ரூட் என்று நடந்தும் ரயிலேறியும், சிலர் ஹங்கேரியச் சிறைகளில் அடி வாங்கியும், பாலஸ்தீனத்தை அடைந்தார்கள். 1940 நவம்பரில் 11ஆவது காலாட்படை பட்டாலியன் உருவானது. தலைவர் காரெல் கிளபாலெக். அதில் யூதர்கள் ஏராளம். வீட்டில் பெற்றோரை விட்டுவிட்டு வந்தவர்கள். 1941 அக்டோபரில் முற்றுகைக்குள் இருந்த டோப்ருக்குக்குக் கப்பலில் போய்ச் சேர்ந்து, போலந்துப் படைக்குப் பக்கத்தில் பள்ளம் பிடித்துக்கொண்டார்கள். லிபியாவின் மணல் எந்த இயந்திரத்துக்கும் எமன். எண்ணெய் போட்டால் மணல் ஒட்டும், போடாவிட்டால் இரும்பு உரசும். தோட்டாப் பெட்டியைக் கழற்றியதும் அந்த வாயை மூட, பிரெனில் ஒரு சறுக்கு மூடி உண்டு. அடைத்துக்கொண்டால் நான்கு அளவுத் துளை கொண்ட வாயுச் சீரமைப்பியைத் திருப்பி அடுத்த பெரிய துளைக்கு மாற்றிச் சுடலாம். டிசம்பரில் முற்றுகை உடையும் வரை அந்த பட்டாலியன் நகரவில்லை.

கிழக்கே சோவியத் மண்ணில் லுட்விக் ஸ்வோபோடாவின் கீழ்த் திரண்ட செக்கோஸ்லோவாக்கியர்கள், 1943 மார்ச்சில் சொகொலோவோ கிராமத்தில் முதல் சண்டையில் இறங்கினார்கள். அவர்கள் கையில் இருந்தது ரஷ்ய ஆயுதம். அது தனி வரலாறு, இதைவிடப் பெரியது. ஆகாயத்தில் பிரிட்டிஷ் விமானப்படையோடு பறந்த நான்கு செக்கோஸ்லோவாக்கிய ஸ்குவாட்ரன்களின் கதையும் அப்படியே. நான் பிரெனின் பின்னால் போகிறேன்.

1943இல் மத்தியக் கிழக்கிலிருந்து வந்தவர்களையும் இங்கிலாந்தில் இருந்தவர்களையும் சேர்த்து, ஜெனரல் அலோய்ஸ் லிஷ்காவின் கீழ்ச் சுயேச்சையான கவசப் படைப்பிரிவு ஒன்று அமைந்தது. 1944 கோடைக் கடைசியில் நார்மண்டியில் இறங்கினார்கள். அக்டோபர் தொடக்கத்தில் அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். டன்கர்க்கை முற்றுகையிட வேண்டும்.

நான்கு வருடத்துக்கு முன்னால் பிரென்கள் குவியலாகக் கைவிடப்பட்ட அதே கடற்கரை. நேசப்படைகள் அந்தத் துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு முன்னே போய்விட்டன. உள்ளே பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஜெர்மானியர்கள், அட்மிரல் ஃபிரிசியுஸின் கீழே, கோட்டை போல அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே சுமார் 4,000 செக்கோஸ்லோவாக்கியர்கள். துணைக்குப் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் பிரிவுகள் வந்துபோயின. உள்ளே இருப்பவன் வெளியே இருப்பவனைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஜெர்மானியர்கள் கால்வாய் மதகுகளைத் திறந்து சுற்றுவட்டார வயல்களை வெள்ளத்தில் மூழ்கடித்திருந்தார்கள். தண்ணீருக்கு நடுவே மேடாக நின்ற சாலைகளும் பண்ணை வீடுகளும்தான் களம். டாங்கி ஓட இடமில்லாததால் பல சமயம் டாங்கிகளைப் பீரங்கிபோல் நிறுத்திச் சுட்டார்கள். டாங்கி ஓட்டுநரும் சமையல்காரரும்கூடத் துப்பாக்கியோடு பள்ளத்தில் காவல் இருந்தார்கள். அந்த க்ராம்வெல் டாங்கிகளுக்குள் பெசா, பள்ளத்தில் பிரென். இரண்டும் பிர்னோவின் பிள்ளைகள். அவற்றைப் பிடித்திருந்தவர்களும் அந்த நாட்டின் பிள்ளைகள். போரில் இந்தத் துப்பாக்கிகளும் இந்த மனிதர்களும் இவ்வளவு நாள் ஒன்றாக இருந்தது டன்கர்க் சேற்றில்தான்.

அக்டோபர் 28 வந்தது. நாடு பிறந்த நாள். அன்று காலை கிழக்குப் பக்கம் டாங்கிகளோடு ஜெர்மானிய நிலைகள் மேல் பாய்ந்து, நூற்றுக்கணக்கானவர்களைக் கைதியாகப் பிடித்து வந்தார்கள். கொடியேற்றி இனிப்பு கொடுக்க வழியில்லாத சுதந்திர தினத்தை அவர்கள் அப்படிக் கொண்டாடினார்கள். அடுத்த வாரத் தாக்குதலில் பலத்த அடி வாங்கினார்கள். பிறகு குளிர்காலம். சேறு, ரோந்து, கண்ணிவெடி, தினம் ஒன்றிரண்டு சாவு. நாளிதழ்களின் முதல் பக்கத்தில் ரைன் நதியும் பெர்லினும்தான். ஏழு மாதத்தில் 160க்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தார்கள். ஒரே நாளில் ஆயிரம் பேர் செத்த போரில் இது சின்ன எண் என்று தோன்றலாம். திரும்பச் சேர்த்துக்கொள்ள ஆள் இல்லாத படைக்கு அது சின்ன எண் இல்லை. அவர்களின் நாடு எதிரியிடம் இருந்தது. புது ஆள் எங்கிருந்து வருவான்?

தாய்நாட்டை மீட்கும் சண்டையில் பங்கு வேண்டும் என்று மன்றாடினார்கள். கடைசியில் சுமார் 140 பேர் கொண்ட சிறு பிரிவை மட்டும் அமெரிக்க ஜெனரல் பேட்டனின் படையோடு போக அனுமதித்தார்கள். 1945 மே 1 அன்று அவர்கள் செப் நகருக்கு அருகே எல்லையில் நின்று கொடியேற்றினார்கள். ஆறு வருடம் கழித்துச் சொந்த மண். மற்றவர்கள் டன்கர்க்கிலேயே இருந்தார்கள். ஐரோப்பா முழுக்க மணியடித்துப் போர் முடிந்ததைக் கொண்டாடிய மறுநாள், மே 9 அன்று, ஃபிரிசியுஸ் லிஷ்காவிடம் சரணடைந்தார். பிர்னோவை ஏப்ரல் 26 அன்றே சோவியத் படை மீட்டுவிட்டது. மே 30 அன்று கவசப் படைப்பிரிவு பிராகாவின் தெருக்களில் அணிவகுத்துப் போனது.

எங்கேயோ இங்கிலாந்தில் வார்த்த இரும்பு, பிர்னோவின் வடிவம், அதைத் தாங்கிய தோள்கள். மூன்றும் சேர்ந்து வீடு திரும்பிய நாள். கதையை இங்கே நிறுத்தவே மனம் விரும்புகிறது.

1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்ட் கட்சி முழு அதிகாரத்தையும் பிடித்தது. மேற்கில் சண்டையிட்டவர்கள் எல்லோரும் சந்தேகத்துக்கு உரியவர்கள் ஆனார்கள். வேலை போனது, பதவி போனது. பலர் சிறைக்கும் சுரங்கத்துக்கும் போனார்கள். போர்க்காலத்தில் லண்டன் புலம்பெயர் அரசின் சார்பில் மாஸ்கோவில் ராணுவத் தூதுக்குழுத் தலைவராக இருந்த ஜெனரல் ஹெலியோடோர் பீகாவை 1949 ஜூன் 21 அன்று தூக்கிலிட்டார்கள். டோப்ருக்கில் பட்டாலியனை நடத்திய கிளபாலெக்கும் 1950களில் சிறையில் இருந்தார். டன்கர்க்கில் சரண் ஏற்ற லிஷ்கா இரண்டாம் முறை நாட்டைவிட்டு ஓடி லண்டனுக்கே வந்து, 1977இல் அங்கேயே இறந்தார். ஒரு மனிதனுக்குத் தாய்நாடு இரண்டு முறை பறிபோவதைவிடக் கொடுமை வேறில்லை என்று நினைக்கிறேன். 1989க்குப் பிறகுதான் பட்டமும் பதக்கமும் திருப்பிக் கொடுக்கப்பட்டன. அதற்குள் பெரும்பாலோர் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

துப்பாக்கிக்கு அந்தக் கதி வரவில்லை. பிரிட்டன் அதை 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாற்றி வைத்துக்கொண்டது. வளைந்த பெட்டி மறுபடி ஏறக்குறைய நேரானது. 1982 ஃபாக்லாந்து போருக்கும் அது போயிற்று. இந்தியாவில் கான்பூர் அதைத் தொடர்ந்து செய்ததால்தான் எங்கள் தார்ப்பாய்க்கு வந்தது.

பிர்னோ ஆலையும் வெறும் ஆயுதத்தோடு நிற்கவில்லை. போர் முடிந்ததும், 1946இல், அங்கே டிராக்டர் செய்தார்கள். ஸ்ப்ரொயோவ்காவின் முதல் எழுத்தான 'இசட்'டை அந்நாட்டார் உச்சரிப்பது 'செட்' போல இருக்கும். அதோடு டிராக்டரின் கடைசி எழுத்துகளை ஒட்டி 'செட்டார்' என்று பெயரிட்டார்கள். 1970களில் எச்.எம்.டி. நிறுவனம் அந்தத் தொழில்நுட்பத்தை வாங்கி ஹரியானாவின் பிஞ்ஜோரில் டிராக்டர் தயாரித்தது. நம் பக்கத்து வயலில் எச்.எம்.டி. ஓட்டிய பெரியவர்கள் யாராவது இருந்தால், பிர்னோவின் உறவு அவர்களுக்கும் உண்டு. ஆயுத ஆலை 2000களில் மூடப்பட்டுவிட்டது.

இதைப் படிப்பவர்களில் இங்கிலாந்தில் வாழ்பவர்கள் இருப்பீர்கள். பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரும் இருப்பீர்கள். வார்விக் கோட்டையைப் பார்க்க எல்லோரும் போவார்கள். அங்கிருந்து லெமிங்டன் ஸ்பா மிகப் பக்கம். ஊர் நடுவே ஜெஃப்சன் தோட்டம் என்ற பூங்காவில், விரிந்த பாராசூட்டின் வடிவத்தில் ஒரு நீரூற்று இருக்கிறது. தண்ணீர் அந்தக் குடையின் விளிம்பிலிருந்து விழும். அந்த ஊரில் முகாமிட்டு, தாய்நாட்டுக்குள் குதித்து, திரும்பி வராத செக், ஸ்லோவாக் வீரர்களுக்காக 1968இல் வைத்தது. பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். போனால் ஐந்து நிமிடம் நின்று அந்தப் பெயர்களை வாய்விட்டுப் படித்துவிட்டு வாருங்கள்.